கொறங்காட்டுக்குப் பட்டுப்பூச்சி வந்தாச்சு

ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குப் போனேன். தாராபுரம் பக்கம் அப்பாரு விட்டுப்போன நாலு ஏக்கர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். செம்மறி மேயும், ஏர் பிடித்ததே கிடையாது. படலை நகர்த்திவிட்டுக் குனிந்தால், செஞ்சரளை ஈரத்தில் ரத்தச் சொட்டு உருள்வதுபோல ஒரு பட்டுப்பூச்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. பதினேழு எண்ணினோம்.

பட்டு நூல் தரும் பூச்சி இல்லை இது. பூச்சி என்கிறோமே தவிர, இதற்கு எட்டுக் கால். உண்ணி, சிலந்தி வகையறா. பேரினத்தின் பெயர் டைனோத்ரோம்பியம். மண்ணில் வாழும் சிற்றுண்ணிகளில் பலவும் கண்ணுக்கே படாது. இது ஒரு சென்டிமீட்டர் வரை வளரும், பட்டுபோல மினுங்கும். அதனால்தான் பிள்ளைகள் கையில் மாட்டிக்கொள்கிறது.

நானும் பிடித்தவள்தான். ஆறு வயதில் ஐந்தைத் தீப்பெட்டியில் அடைத்து, தின்னட்டும் என்று புல்லும் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். காலையில் இரண்டு சுருண்டு கிடந்தன. அப்பாரு திட்டவில்லை. "மழைக்கு நாலு நாள்தான் வெளிய வருது கண்ணு. அதையும் பொட்டிக்குள்ள போட்டுட்டியே" என்றார். அந்தக் குரல் இன்னும் போகவில்லை.

அது புல் தின்பதே இல்லை. கறையான்தான் இரை. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து, மழை விழுந்ததும் இரைக்கும் இணைக்கும் மேலே வரும். மண்ணில்தான் முட்டை. குஞ்சுக்குக் கால் ஆறுதான். வெட்டுக்கிளி மாதிரிப் பூச்சிகளின் உடம்பில் ஒட்டி உறிஞ்சிவிட்டு, மறுபடி மண்ணுக்குள் போய் வளரும். கறையான், வெட்டுக்கிளி, கலைக்காத மண் மூன்றும் கொறங்காட்டில் ஒன்றாக இருக்கின்றன. பக்கத்துக் காட்டை டிராக்டர் விட்டு உழுது நாலு வருஷம் ஆகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

சத்தீஸ்கர் பக்கம் இதைப் பிடித்துக் காயவைத்து மருந்துக்கு விற்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

சங்கப் பாட்டில் இதற்குப் பெயர் 'ஈயல் மூதாய்'. அகநானூற்றில், நீலக் காயாம்பூ உதிர்ந்த செம்மண் வழியில் இது ஊர்வது, பவளமும் நீலமணியும் கலந்து கிடப்பதுபோல் இருக்கிறதாம். ஈசலோடு சேர்ந்து வருவதைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மகள் ஒன்றை உள்ளங்கையில் ஏற்றினாள். காலை மடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. கையைத் தரையோடு வைத்துக் காத்திருந்தாள். அதுவாக இறங்கிப் போனது. வெயில் ஏறியபோது ஒன்றையும் காணோம்.