சூடு ஏறினால் நிற்கும் வண்டி

முதல் தடவை நின்றபோது இரவு ஒன்பதரை மணி. நைட் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முக்கல் முனகல் எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அப்படியே அணைந்துபோனது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை இரண்டு தடவை மிதிக்க முடிந்தது. மூன்றாவது தடவை பெடல் இறங்கவே மறுத்தது. எப்படியோ ஓரம்கட்டிவிட்டு செல்ஃப் அடித்தேன். இன்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அடுத்த மூன்று மாதத்தில் இதே கதை இன்னும் ஆறு தடவை.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் மட்டும் நிற்காது. நான் நர்ஸ். வீட்டில் ராத்திரி முழுக்க இருமியவர், டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் இருமல் வராமல் திருதிருவென்று முழிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். என் வண்டியும் அந்த ரகம். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், கோளாறு எதுவும் பதிவாகவில்லை. அதனால் ஊகத்தில் மாற்ற ஆரம்பித்தார்கள். முதலில் பிளக், அப்புறம் பெட்ரோல் ஃபில்டர், அப்புறம் இக்னிஷன் காயில், கடைசியில் பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு தடவையும் "இனிமே நிக்காது சிஸ்டர்" என்றார்கள். பத்து நாள் நிற்காது. பதினோராவது நாள் நிற்கும்.

வீட்டில் இதை வைத்துத் தினமும் பேச்சு. "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, வித்துத் தொலை" என்பார் கணவர். "இவ்வளவு செலவு பண்ணியாச்சே, இப்பப் போய் விக்கறதா" என்பேன் நான். ஒரே வாக்கியத்தை வைத்து இரண்டு பேரும் எதிரெதிர் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். போட்ட காசு போனதுதான். பம்ப் புதுசு என்பதற்காக இன்ஜின் நன்றி காட்டப்போவதில்லை. அது புரிந்த பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை.

சரி, விற்றே விடலாம் என்றுதான் முதலில் முடிவெடுத்தேன். தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்து பார்த்தார். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் சூடேறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். ரொம்பப் பிடித்துப்போய், நான் எதிர்பார்த்ததற்கு மேலேயே விலை சொன்னார். "வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் மூன்றாவது மிதியில் பிரேக் பெடல் விறைத்தது என் காலுக்கு ஞாபகம் இருந்தது. "நாற்பது நிமிஷம் ஓட்டினா சில நாள் நின்னுடும், ஏன்னு தெரியலை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன விலை பாதிக்கும் கீழே போனது. அந்த விலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாத கோளாறு என்றால் வாங்குபவர் இருப்பதிலேயே பெரிய செலவைத்தான் மனதில் வைத்துக் கணக்குப் போடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் போடுவேன்.

அதனால் விற்பதென்றாலும் முதலில் கோளாறைக் கண்டுபிடித்தாக வேண்டும். வார்டில் ஜுரச் சீட்டு எழுதுவது போல ஒரு நோட்டு போட்டேன். ஓட்டிய நேரம், வெயிலா மழையா, எவ்வளவு பெட்ரோல் இருந்தது, ஏசி போட்டிருந்தேனா, நின்ற பிறகு எத்தனை நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது என்று எல்லாம். இரண்டே வாரத்தில் ஒன்று தெளிவானது. பெட்ரோல் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முப்பத்தைந்து நிமிடத்துக்குள் ஒரு தடவைகூட நின்றதில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், கார் எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்ப்பவர். நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நின்னதுக்கப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையுதாம்மா?"

நான் பார்த்ததே இல்லை. அடுத்த தடவை நின்றபோது பார்த்தேன். இன்ஜின் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் அந்த முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறது. (வண்டி நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.)

மறுநாள் அவரே என்னோடு ஏறிக்கொண்டார். ஐம்பதாவது நிமிடம் நின்றது. ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னார். திரையிலும் சுழற்சி வேகம் பூஜ்யம். பானட்டைத் திறந்து, கீழே கட்டைவிரல் அளவில் இருந்த ஒரு சென்சார் மேல் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைத்தார். இரண்டு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

கிராங்க் சென்சார். பிஸ்டன்கள் சுற்றிவிடும் இன்ஜின் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. தகவல் வராவிட்டால் எப்போது பொறி கொடுப்பது, எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பம்ப்பையும் நிறுத்திவிடும். சாவி போட்டதும் ஓரிரு நொடி ஓடும் பம்ப், இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவல் வராவிட்டால் அடங்கிவிடுமாம். அதைப் பார்த்துத்தான் முன்னால் இருந்தவர்கள் பம்ப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல பம்ப்பைக் கழற்றி இன்னொரு நல்ல பம்ப்பை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பம்ப்புக்குக் கொடுத்த காசில் சின்னப் பங்குகூட இந்தச் சென்சாருக்கு ஆகவில்லை.

மாற்றிய பிறகு ஆறு வாரம் நிற்கவில்லை. இப்போது நல்ல விலைக்கு விற்கலாமே என்று அதே ஆளுக்குப் போன் செய்தேன். கதையை முழுக்கக் கேட்டார். "சரியாயிடுச்சுன்னு எல்லாரும்தாங்க சொல்வாங்க" என்றார். பழைய விலையிலிருந்து ஏறவே இல்லை.

இதைச் சொன்னபோது பொருளாதாரம் படிக்கும் என் மகள் சிரித்தாள். ஜார்ஜ் அகர்லாஃப் என்பவர் 1970இல் பழைய கார் விற்பனையை வைத்தே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாராம். 2001இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் அவரும் ஒருவர். வண்டியின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது; அதனால் நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டியின் விலைதான் கேட்பார்கள், நல்ல வண்டிக்காரர்கள் விற்காமல் விலகிக்கொள்வார்கள் என்றாள். அமெரிக்காவில் ஏமாற்று வண்டியை எலுமிச்சம்பழம் என்பார்களாம். பாவம், பழம் என்ன செய்தது.

எனக்கு உறைத்தது வேறு. அந்தச் சென்சார் புதுசு என்பது வாங்குகிறவருக்கு வெறும் பேச்சு. ஐம்பதாவது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்குத்தான் அதற்கு மதிப்பு. நான் செய்த ரிப்பேரின் பலன் விற்றால் பாதி காணாமல் போகும், வைத்துக்கொண்டால் முழுசாகக் கிடைக்கும்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளவில்லை. அடிப்பாகத்தில் துரு ஓட்டை விட்டிருந்தாலோ, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், குறைந்திருந்தாலோ அந்த அரை விலைக்கே தள்ளிவிடுவது என்று முதலிலேயே எழுதி வைத்தேன். பார்த்த பிறகு எழுதினால் மனசு வண்டியின் பக்கம் சாய்ந்துவிடும். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. ஆயிலில் தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. டயர்களின் பக்கச் சுவரில் 2317 என்று போட்டிருந்தது, அதாவது 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தவை. அவை மாற்ற வேண்டியவை. அது கோளாறு அல்ல, செருப்புத் தேய்கிற மாதிரிதான்.

பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்தான் வயிற்றைக் கலக்கியது. முந்தைய ஓனர் மாற்றினாரா என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. என் இன்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் போய் மோதும், அத்தோடு இன்ஜின் கதை முடிந்துவிடும். மெக்கானிக் கவரைத் திறந்து பெல்ட்டை வளைத்துக் காட்டினார். ரப்பர் முழுக்க மெல்லிய வெடிப்பு. விற்பதானால் இதையும் சொல்லியாக வேண்டும், சொன்னால் விலை இன்னும் இறங்கும். மாற்றிவிடுங்கள் என்றேன், வாட்டர் பம்ப்பையும் சேர்த்து.

வேலை முடிந்ததும் புதுக் கவரின் மேல் வெள்ளைப் பெயிண்டால் 1,12,400 என்று கிலோமீட்டரை எழுதினார். வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்து கணவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எழுத்து அழகா இருக்கு" என்றார். டிக்கியில் அவர் போட்டு வைத்திருக்கும் டார்ச்சை இன்னும் எடுக்கவில்லை.