பெடலில் இரண்டு விரல்

செப்டம்பர் 11, இரவு

தொப்பூர் ஏற்றம். இரண்டாவது கியரில் எஞ்சின் அலறுகிறது, லாரி ஊர்கிறது. தேங்காய் நார் தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம். ஆறவிட்டு, கொஞ்சம் ஏறி, மறுபடி ஆறவிட்டு, மேலே வந்துசேர மூன்று மணி நேரம். முதுகில் 18 டன் ஜவ்வரிசி. சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகும் அந்த நாற்றம் போகவில்லை.

செப்டம்பர் 12

தர்மபுரிக்கு முன்னால் ஒரு பட்டறை. மெக்கானிக் கைப்பிரேக்கைப் போட்டு, நான்காவது கியரைத் தட்டி, கிளட்சை விடச் சொன்னார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அந்த நொடியே செத்துவிட வேண்டும். சாகவில்லை. நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"பிரிக்க வேண்டியதுதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை ஓட்டும்போது அவருடைய இடது கால் எங்கே இருக்கும்? நான் கவனித்ததில்லையா, கவனித்தும் சொல்லவில்லையா? தங்கை வீட்டுக்காரரிடம் காலை எடு என்று எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 13

காலை ஏழு மணிக்கே, கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்றது. கியர் பாக்ஸ் முந்நூறு கிலோவை நெருங்கும். அடியில் ஜாக்கி, மேலே செயின் பிளாக். மாப்பிள்ளை மண்ணில் மல்லாந்து படுத்து, பின்னால் இழுங்கள், இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன். "அவரிடம் கொடு அண்ணா." அவர் கை முழுக்க கிரீஸ். நான்தான் காதருகே பிடித்துக்கொண்டு நின்றேன். காதில் விழாத மாதிரி ரோட்டைப் பார்த்தேன். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி 20. முன்னாலேயே ஆகிவிடும் என்கிறாள் அம்மா.

கிளட்ச் பிளேட் வெளியே வந்தது. அதன் மேல் பதித்த உராய்வுப் பட்டையான ஃபேஸிங் ரிவெட் வரை தேய்ந்து, ரிவெட் தலைகள் எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் வட்டமாகக் கோடு கிழித்திருக்கின்றன. அங்கங்கே கருநீலத் திட்டுகள், மயிரிழை விரிசல்கள். பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை மெக்கானிக் என் காதருகே சுற்றிக் காட்டினார். உள்ளே மணல் அரைகிற சத்தம்.

"பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டினால் இது ஓயாமல் சுற்றும்" என்றார்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெடலில் இரண்டு விரல் அளவு வெறும் ஆட்டம் இல்லாவிட்டாலும் இதே கதிதான். ஃபேஸிங் தேயத் தேய அந்த ஆட்டம் குறையும். கடைசியாக எப்போது செட் செய்தீர்கள்?"

பொங்கலுக்கு முன்னால். சொல்லவில்லை. போன தடவை புதுசு வாங்காமல், பழைய பிளேட்டுக்கே ஃபேஸிங் அடித்துப் போட்டதையும் சொல்லவில்லை. அவருக்கா தெரியாது? ரிவெட்டைப் பார்த்தாலே தெரியும்.

செப்டம்பர் 14

ஞாயிறு. லேத் பட்டறை கிடையாது. மழை.

செப்டம்பர் 15

ஃப்ளைவீலைச் சீவ சேலம் போக வேண்டும். சாக்கில் கட்டி மாப்பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டேன். நாற்பது கிலோ இருக்கும். கண்டக்டர் முறைத்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சேலத்திலிருந்து திருச்செங்கோடு ஒரு பஸ் தூரம். அப்படியே போய் ஓர் எட்டு தங்கையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சரக்குக்குக் காத்திருக்கும் பூனா பார்ட்டி இன்று மட்டும் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார். 22ஆம் தேதி நவராத்திரி; அங்கே ஒன்பது நாள் விரதத்துக்கு ஜவ்வரிசிக் கிச்சடிதான். வாயை மூடிக்கொண்டேன்.

இரவு பத்தரை. ஃப்ளைவீலுடன் வந்து இறங்கினார். தோளில் சாக்குச் சுருக்கத்தின் தடம் சிவந்து கிடக்கிறது. போனீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. இருவரும் பரோட்டா சாப்பிட்டோம்.

செப்டம்பர் 16

புது கிளட்ச் செட் 19,000 ரூபாய். இந்த மாதத் தவணை இன்னும் கட்டவில்லை. அதை இப்போது நினைக்கப் போவதில்லை.

கியர் பாக்ஸின் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைச் செருகி, பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். நடு விலகினால் கியர் பாக்ஸ் நுழையாது. நுழையவும் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளினோம், திட்டினோம். கடைசியில் மாப்பிள்ளை ஷாஃப்டின் பல்லை ஒரு நூல் திருப்பினார், டொக்கென்று உட்கார்ந்தது. நுழைப்பதற்கு முன்பே ஸ்ப்ளைனில், அதாவது அந்தப் பற்களில், மிஞ்சிய கிரீஸை வழித்து எடுத்துவிட்டுத்தான் விட்டார் மெக்கானிக். மிஞ்சினால் ஃபேஸிங்கில் தெறிக்குமாம்.

பெடலின் அடியில் என் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள் என்கிறார். 18 டன்னை எப்படி அடக்குவது?

செப்டம்பர் 17

துமகூரு தாண்டி டீ. மாப்பிள்ளைதான் ஓட்டுகிறார். ஓசூரிலிருந்து அவர் இடது காலையே பார்த்துக்கொண்டு வருகிறேன். பாதம் தரையில்தான் இருக்கிறது. நான் பார்ப்பது அவருக்குத் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று அம்மா காலையில் சொன்னாள். அப்புறம் போன் இல்லை.

கிளட்ச் மணக்கவில்லை. மணக்கிற மாதிரியும் இருக்கிறது.