எவர்சில்வரும் துரு பிடிக்கும்

அம்பத்தூரில், இரும்பை உலையில் சுட்டு உறுதியாக்கும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் 18 வருடம் வேலை பார்த்தேன். கியர், ஷாஃப்ட், டை என்று உலைக்குள் நான் அனுப்பாத உருப்படி இல்லை. துப்பாக்கி மட்டும் அதில் சேராது. அதைத் தொட்டது பட்டறையை விட்ட பிறகுதான். நகரத்துக்குள் இருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில், ரைஃபிள்களைப் பராமரிக்க ஆள் தேடினார்கள். இரும்பு தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே செயலாளர் இரண்டு கேட்லாக்கை மேசையில் வைத்தார். "பயிற்சிக்குப் புதுசா .22 ரைஃபிள் வாங்கணும் சார். பேரல் எந்த ஸ்டீல்ல இருக்கணும்? ரொம்ப நாள் உழைக்கணும், குறியும் தப்பக் கூடாது."

ஒன்று குரோம்-மாலி, அதாவது கொஞ்சம் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல், 4140 வகை, மேலே கறுப்பு மெருகு. இன்னொன்று 416 வகை ஸ்டெயின்லெஸ். நான் யோசிக்கவே இல்லை. கடற்கரை ஊர், ஸ்டெயின்லெஸ்தான் என்று சொல்லிவிட்டேன். வாங்கினார்கள்.

தீபாவளிக்கு முன்னால் பெட்டிக்குள் வைத்த ஒரு ரைஃபிளை, மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில்தான் திறந்தோம். பெட்டியின் பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது. பேரலில் கை படும் இடத்திலும் வாய்ப்பக்கத்திலும் கடுகளவு பழுப்புப் புள்ளிகள். துடைத்தால் புள்ளி போனது, குழி போகவில்லை. "எவர்சில்வர்னு சொன்னீங்களே சார்?" என்றார் செயலாளர். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

தப்பு என்னுடையது. வீட்டு டம்ளரில் நல்ல ரகம் 304 வகை. அதில் துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 416-இல் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். காந்தம் வைத்தால் டக்கென்று ஒட்டும், டம்ளரில் அப்படி ஒட்டாது. போதாததற்கு, 416-இல் வேண்டுமென்றே கந்தகம் சேர்க்கிறார்கள். கந்தகம் இருந்தால், துளை போடும்போது வரும் இரும்புச் சீவல் பொடிப்பொடியாக உதிரும். அந்த நீளமான துளையை நேராகவும் வழவழப்பாகவும் போடலாம். குறி பார்த்துச் சுடுகிறவர்கள் இந்த ஸ்டீலை விரும்ப அது ஒரு முக்கியமான காரணம். ஆனால் அந்தக் கந்தகத் துணுக்கு இருக்கும் இடத்தில்தான் வியர்வை உப்பு முதலில் குழி பறிக்கும். குறிக்கு உதவுகிற சரக்கே ஆயுளைக் குறைக்கிறது. இது எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம். கேட்லாக்கைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி இந்தக் குரோமிய ஸ்டீலை உருக்கியது, துப்பாக்கிக் குழலின் உட்புறம் சீக்கிரம் தேயாமல் இருக்க ஒரு வழி தேடித்தான். அது முதலில் பேர் வாங்கியதோ சாப்பாட்டு மேசைக் கத்தியில்.

அந்தத் தேய்மானம் பெரிய தோட்டாக்களின் கவலை. வெடிமருந்தின் சூடான வாயு, தோட்டா கிளம்பும் இடத்தையே அரித்து எடுக்கும். அதனால்தான் பல ராணுவ ரைஃபிள்களில் உட்புறம் கடினக் குரோம் பூசுகிறார்கள். சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் அந்தப் பூச்சு முழு நீளத்துக்கும் ஒரே கனத்தில் அமைவது சிரமம், போட்டிக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் .22-க்கு இந்தச் சண்டையே கிடையாது. ஈயக் குண்டு, கொஞ்சம் மருந்து. பல ஆயிரம் முறை சுட்டாலும் உள்ளே பெரிதாகத் தேயாது.

அப்படியானால் எங்கள் பேரல்களைக் கெடுப்பது எது என்று ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து கவனித்தேன். பையன்கள் துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கமாகவே விட்டு வறட்டு வறட்டென்று இழுத்தார்கள். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகிற விளிம்பு அது. ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு சமமாக வெளியேறாது, குண்டு சாய்ந்துதான் கிளம்பும். "தம்பி, பின்பக்கமா விடுப்பா" என்று தினமும் கத்த வேண்டியிருந்தது.

அப்புறம், இரண்டு வகையையும் மணல் மூட்டையில் சாய்த்து வைத்து 50 மீட்டரில் சுட்டுப் பார்த்தோம். அந்த அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறக்குறைய பாதி அகலம்தான். ஸ்டீல் மாறியபோது தெரிந்த வித்தியாசத்தைவிட, தோட்டாப் பெட்டியின் லாட், அதாவது தயாரிப்புத் தொகுதி, மாறியபோது தெரிந்த வித்தியாசம்தான் பெரிது. என்னைக் கேட்டால், ஸ்டீல் பெயரைவிட, குண்டைச் சுழற்றிவிடும் வரிகளைத் துளைக்குள் இழுத்த பிறகு ஸ்ட்ரெஸ் ரிலீவ், அதாவது உலையில் சுட்டு இறுக்கம் எடுப்பதை, ஒழுங்காகச் செய்தார்களா என்பதைத்தான் விசாரிப்பேன். உள்ளே இறுக்கம் மிச்சமிருந்தால் சூடாகும்போது பேரல் மெல்ல வளையும், அடி ஒவ்வொன்றாக நகரும். உலைக்காரன் புத்தி, அப்படித்தான் போகும்.

அடுத்த ஆர்டரில் நான்கு குரோம்-மாலி, போட்டிக்குப் போகிறவர்களுக்காக ஒரு ஸ்டெயின்லெஸ் என்று எழுதிக் கொடுத்தேன். குரோம்-மாலி இன்னும் சீக்கிரம் துரு பிடிக்கும்தான். ஆனால் அது எல்லோருக்கும் தெரியும், எண்ணெய் போடாமல் யாரும் உள்ளே வைக்க மாட்டார்கள். அடியில் பேனாவால் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: சிலிகா ஜெல் 2 கிலோ, 15 வாட் குண்டு பல்பு இரண்டு.

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பல்பு எதுக்கு சார்?"

ரைஃபிள் வைக்கும் பீரோவுக்குள் எரிய விடுவதற்கு, அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.