அசிமத் ஸ்க்ரூவும் அக்காவின் குரலும்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்தக் கேசட்டின் ஏ பக்கம் ஒருவழியாக வசத்துக்கு வந்தது. மூன்று வாரம் இழுத்தடித்த வேலை. சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை, அதனால் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

முதலில் கேசட்டின் கதை. நாங்கள் சிலர் வாரம் ஒரு பாட்டை ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்கிறவர்கள். நேரில் பார்த்ததில்லை, ஆனால் யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று நன்றாகத் தெரியும். பாட்டோடு பாட்டாக அவரவர் கைவேலையும் பேச்சில் வரும். ஒருவர் புல்லாங்குழல் செய்கிறார், ஒருவர் பழைய ரேடியோ பழுதுபார்க்கிறார், நான் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். அதில் ஒரு நண்பர், "எங்க அக்கா எனக்காகவே பாட்டு பொறுக்கிப் பதிஞ்சு குடுத்த கேசட் ஒண்ணு இருக்கு. இப்போ போட்டா கம்பளிக்குள்ளேருந்து பாடுற மாதிரி இருக்கு, உங்களால ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வேண்டுகோள்: சரியாகிவிட்டால், அக்கா அடுக்கிய அதே வரிசையில் அந்தப் பாட்டுகளை வாரத்துக்கு ஒன்றாக எங்களுக்கு அவர் சிபாரிசு செய்யவேண்டும்.

வந்து சேர்ந்தது ஒரு சி-90, பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் கேசட். நல்லவேளையாக ஐந்து ஸ்க்ரூ போட்ட கூடு. ஒட்டி மூடிய கூடாக இருந்திருந்தால் பிளப்பதற்குள் உயிர் போயிருக்கும். அட்டையில் நீல மையில் பாட்டுப் பெயர்கள், அதில் இரண்டு படிக்கவே முடியாத அளவுக்கு வெளிறிவிட்டன. நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து கூட்டுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. வேறொரு வெற்றுக் கேசட்டிலிருந்து அந்தத் தகடோடு எடுத்து மாற்றினேன். அது பத்து நிமிட வேலை.

கேசட்டை ஓட்டும் என் டெக்கின் பெல்ட் விஷயம்தான் எரிச்சல். பழைய பெல்ட் தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டிக்கொண்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியுமாக ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தேன். மாற்று பெல்ட் விற்றவர் சுற்றளவை விட்டம் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார், அது மாலை போடலாம் போல இருந்தது. இனி யாரிடம் வாங்கினாலும் மூன்றைத்தான் எழுதிக் கேட்பேன்: உள் சுற்றளவு, பட்டையா சதுரமா, எத்தனை மில்லிமீட்டர் தடிமன். பெல்ட் ஓடும் பாதையை நூல் விட்டு அளந்து, அதில் சுமார் 5 சதவீதம் குறைத்து வாங்கினால் சரியாக வருகிறது. இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் புஷ் தேயும், தளர்வாகப் போட்டால் பாட்டு ஊஞ்சலாடும்.

சரி, அசிமத்துக்கு, அதாவது நாடாவுக்கு எதிரே ஹெட் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு வருகிறேன்.

கம்பளிக்குள்ளிருந்து பாடுவதற்குக் காரணம் நாடா கெட்டுப்போனது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒதுக்கிவைத்த கேசட்டுகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன என்பது என் அனுபவம். பதிந்த இயந்திரத்தின் ஹெட் ஒரு கோணத்தில் சாய்ந்திருந்தது, கேட்கும் இயந்திரத்தின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை நுணுக்கமான சாய்வு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. அப்படியென்றால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான். இடது, வலது தடங்களின் நடுப்புள்ளிகள் சுமார் 0.9 மி.மீ. தள்ளி இருக்கின்றன. அந்த 0.9 மி.மீ. தூரத்துக்குள் அரை அலை, அதாவது 2.4 மைக்ரான் முன்பின் ஆனாலே, இரண்டு சேனலையும் கூட்டும்போது அந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். கோணமாகச் சொன்னால் 0.15 டிகிரி. என் டெக்கில் ஹெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் நடுவே ஏறக்குறைய 16 மி.மீ. இருக்கிறது, அதில் ஒன்றைத் திருப்பினால் ஹெட் சாயும். ஸ்க்ரூவின் புரி ஒரு சுற்றுக்கு 0.4 மி.மீ. ஏறும். ஆக, கடிகார முள் 12-லிருந்து 1-ஐக் கொஞ்சம் தாண்டுகிற அளவு திருப்பினாலே தெளிவுக்கும் மூட்டத்துக்கும் உள்ள மொத்த தூரமும் முடிந்துவிடுகிறது!

வழக்கமாக நான் செய்வது, இரண்டு சேனலையும் மோனோவாகக் கூட்டி ஹெட்போனில் கேட்டுக்கொண்டே ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூவைத் திருப்பி, ஜால்ரா சத்தம் அதிகம் மினுங்கும் இடத்தில் நிறுத்துவது. இந்தக் கேசட்டில் அது பிடிகொடுக்கவில்லை. பாட்டுகள் எல்லாமே வேறு கேசட்டிலிருந்து பிரதி எடுத்தவை, மேல் ஸ்தாயி அப்போதே பாதி போய்விட்டது. எங்கே திருப்பினாலும் "கொஞ்சம் பரவாயில்லை" என்றுதான் தோன்றியது. காதும் சீக்கிரம் களைத்துப்போகிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகு நான் எடுத்த முடிவு எதையும் மறுநாள் காலையில் என்னாலேயே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வழி கிடைத்தது மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவில். பாட்டு முடிந்து ஒரு 'டொக்', பிறகு மங்கலாக ஒரு பெண் குரல். அக்கா பேசியிருக்கிறார். தம்பியே இதை மறந்துவிட்டிருந்தார். அலையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இடதும் வலதும் ஒரே வடிவம். மோனோ ரெக்கார்டரில், அதன் சொந்த மைக்கில் பதிந்திருக்கிறார். மோனோ ஹெட் ஸ்டீரியோவின் இரண்டு தடங்களையும் சேர்த்து ஒரே அகலத் தடமாக எழுதும். அப்படியானால் என் ஸ்டீரியோ ஹெட் படிக்கும் இரண்டு சேனலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் மறைந்துபோகவேண்டும். ஹெட் சாய்ந்திருந்தால் கட்டைக் குரல் மட்டும் மறையும், 'ச'வும் 'ஸ'வும் மிஞ்சி நிற்கும். பிரகாசம் எங்கே அதிகம் என்று தேடுவதைவிட, சத்தம் எங்கே சாகிறது என்று தேடுவது காதுக்கு நூறு மடங்கு சுலபம்.

கழிப்பதற்குக் கணினியை நம்பவில்லை, ஒலி தாமதமாக வரும். பழைய இயர்போன் ஒன்றை அறுத்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் இரண்டு முனைகளில் ஒன்றை ஜாக்கின் இடது முனையிலும் மற்றொன்றை வலது முனையிலும் பற்றவைத்தேன். பூமிக் கம்பியைத் தொடவே இல்லை. டெக்கின் ஹெட்போன் துளையில் செருகினால் இரண்டு சேனலின் வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். இதுவரை நான் செய்த கருவிகளிலேயே மிக எளிமையானது இதுதான், மிக அருமையானதும் இதுதான். கேசட் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கட்டாயம் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஒரு வாரம் குரல் மறையவில்லை. எப்படித் திருப்பினாலும் தூரத்திலிருந்து பேசுவது போல மிச்சம் இருந்துகொண்டே இருந்தது. காரணம் கோணம் இல்லை, ஒலியளவு. என் டெக்கின் இடது சேனல் வலதைவிட 1 டெசிபல் உரக்க வாசித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைச் சாதாரணமாகக் கேட்கும்போது யாரும் உணரமாட்டார்கள். ஆனால் கழிக்கும்போது இந்த 1 டெசிபலே போதும், மிச்சம் அசலைவிட 19 டெசிபலுக்கு மேல் இறங்காமல் நின்றுவிடும். ஹெட்டைத் துடைத்தபோது பாதி சரியானது. மீதியை உள்ளே போர்டில் பிளேபேக் அளவுக்கென்று இருக்கும் இரண்டு பிரீசெட்டுகளில் (திருப்பி அளவை மாற்றும் குட்டித் திருகுகள்) ஒன்றை ஒரு மயிரிழை திருப்பிச் சமப்படுத்தினேன். முதலில் அளவு, அப்புறம்தான் கோணம். இந்த வரிசையை இனி மாற்றமாட்டேன்.

அடுத்த தொல்லை ஆட்டம். ஒரு வார்த்தை மறையும், அடுத்த வார்த்தை எட்டிப்பார்க்கும். கூட்டுக்குள் நாடா ஏறி இறங்கி ஓடியதுதான் காரணம். பஞ்சை மாற்றியபோதே கூட்டையும் மாற்றியிருக்கவேண்டும். நாடாச் சுருள் இரண்டையும் ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றிவைத்ததும் ஆட்டம் அடங்கியது.

அதற்குப் பிறகுதான் நேற்று ராத்திரி. காந்தமேறாத ஸ்க்ரூடிரைவர், ஸ்க்ரூவின் பழைய நிலைக்கு நகப்பூச்சில் ஒரு புள்ளி (இதைச் செய்யாமல் யாரும் கை வைக்காதீர்கள், மற்ற கேசட்டுகளுக்குத் திரும்பி வர வழி வேண்டும்), காதில் அந்த ஒற்றை இயர்போன். குரல் தேய்ந்து, 'ச'க்கள் மட்டும் நிற்க, பிறகு அவையும் மெலிந்து, ஓரிடத்தில் அக்கா முழுசாக மறைந்துபோனார். நாடாவின் இரைச்சல் மட்டும் மழை மாதிரி பெய்துகொண்டிருந்தது. இரைச்சல் மறையாது, ஏனென்றால் அது இரண்டு தடத்திலும் வேறு வேறு. கையை எடுத்துவிட்டு நல்ல ஹெட்போனை மாட்டி, திரும்ப ஓட்டினேன்.

"டேய், அடுத்து வர்றதை விளக்கை அணைச்சிட்டுக் கேளு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னால ஒரு வயலின் வரும், அதுக்காகத்தான் இதைப் போட்டேன். நடுவுல நிறுத்திடாத."

பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. கடைசி வார்த்தைக்குப் பிறகு பொத்தானைத் தேடும் விரல் ரெக்கார்டரின் பிளாஸ்டிக்கில் உரசுவதுகூடக் கேட்கிறது. முதல்முறை கேட்டபோது அந்த உரசல் இருந்ததே தெரியாது.

குரல் கொஞ்சம் கீச்சென்று பட்டது, அதனால் வேகத்தையும் பார்த்தேன். அவர் பேசும் இடங்களில் எல்லாம் மெல்லிய மின்சார முனகல் பதிந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் மூன்றாவது மடங்கு 150-ல் நிற்கவேண்டும், திரையில் 153.6-ல் நின்றது. என் டெக்கின் வேகத்தை டெஸ்ட் டேப் வைத்து ஏற்கெனவே சரிசெய்திருக்கிறேன், ஆகவே அக்காவின் ரெக்கார்டர்தான் சுமார் 2.3 சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது. சுருதியில் கிட்டத்தட்ட 41 சென்ட், அரைத்தொனியில் பாதிக்குச் சற்றே குறைவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்றிய பிறகு அடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் சுருதியும் வேகமும் சேர்ந்து இறங்கும்படி குறைத்தேன். இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடவில்லை. அது இரைச்சலோடு சேர்த்து அந்த விரல் உரசலையும் கொண்டுபோய்விடும். நாடா இரைச்சலுக்குக் காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

குரல் துண்டை மட்டும் இன்று காலை நண்பருக்கு அனுப்பினேன். "இதுதான் எங்க அக்கா. டேப்ரிக்கார்டர்ல கேக்குறப்போ சின்னப் பொண்ணு மாதிரி இருக்கும், இப்போதான் அவ குரலா இருக்கு" என்று பதில் வந்தது. போனில் அக்காவுக்கே போட்டுக் காட்டியிருக்கிறார். வெளிறிப்போன இரண்டு பெயர்களில் ஒன்றை அவர் உடனே சொல்லிவிட்டாராம். மற்றொன்று அவருக்கும் நினைவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை எங்கள் ஆட்கள் இப்போதே பங்குபோட்டுக்கொண்டார்கள். புல்லாங்குழல் நண்பர் சுருதியை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

ஏ பக்கத்தில் மொத்தம் ஒன்பது பாட்டு, நான்கு இடங்களில் அக்காவின் குரல். ஒவ்வொன்றிலும் எங்கே காது வைக்கவேண்டும் என்று ஒரே ஒரு விஷயம்தான் சொல்கிறார். பாடியவர் யார், எத்தனை பேர் பாராட்டினார்கள், எதுவும் இல்லை. வாராவாரம் சுட்டியை மட்டும் எறிந்துவிட்டுப் போகிற நாங்கள் இதைக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும். வரும் வாரத்திலிருந்து என் சிபாரிசுகளை நானே பேசிப் பதிந்து, பாட்டுக்கு முன்னால் அனுப்பலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஒரு மோனோ ரெக்கார்டர் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்துவிட்டேன். கிடைத்தால் அதற்கும் பெல்ட் வாங்கவேண்டியிருக்கும்.

பி பக்கம் இன்னும் பாக்கி. இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் கம்பளி. அலையைப் பார்த்தால் இடதும் வலதும் வேறு வேறு, அதாவது அது வேறொரு நாள், வேறொரு ஸ்டீரியோ இயந்திரத்தில் பதிந்தது. ஒற்றை இயர்போன் வித்தை அப்படியே பலிக்காது. பாடகரின் குரல் பொதுவாக இரண்டு சேனலிலும் நடுவில்தான் இருக்கும், அதனால் பின்னணி குறைந்த ஒரு பல்லவியைப் பிடித்து, குரலை மட்டும் மறையவைத்துப் பார்க்கப்போகிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் மோனோ வைத்து ஜால்ரா தேடும் பழைய வழிதான், அதுவும் காலையில், காது களைக்காத நேரத்தில். அதுவரை ஸ்க்ரூவுக்குப் பூச்சுப் போட்டு மூடவில்லை, டெக்கும் மூடியைக் கழற்றியபடியே மேசைமேல் இருக்கிறது.