ஈரச் சுவருக்கு எழுதும் வெப்பக் கணக்கு

நாகர்கோவிலில் நாங்கள் நடத்தும் சிறிய கட்டட வரைபட அலுவலகத்திற்குச் சில ஆண்டுகளாக இங்கிலாந்திலிருந்து ஒரு வேலை வந்துகொண்டிருக்கிறது. பழைய வீடு வாங்க நினைப்பவர்கள், விலை பேசி முடிப்பதற்கு முன், குளிர்காலத்தில் அதைச் சூடாக வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்குள்ள ஆய்வாளர் அளந்து அனுப்பும் விவரங்களைக் கொண்டு ஒவ்வோர் அறையின் வெப்ப இழப்பையும் நாங்கள் கணக்கிட்டுத் தருகிறோம். மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத ஊருக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது வேடிக்கைதான்.

முதல் உலகப் போருக்கு முன் கட்டிய இங்கிலாந்துச் செங்கல் வீடுகளில் பெரும்பாலானவற்றின் வெளிச்சுவர், நடுவில் காற்றிடைவெளி இல்லாத 9 அங்குலச் சுவராகும். உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால் அத்தகைய சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் ஏறத்தாழ 40 வாட் வெளியேறும். உட்புறம் 6 சென்டிமீட்டர் மரநார்ப் பலகை பதித்தால் அது 10 வாட் அளவுக்குக் குறையும். தாளில் இது எளிது.

ஆனால் தாள் சுவரை உலர்ந்ததாக எடுத்துக்கொள்கிறது. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், செங்கல்லின் நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கும் வீட்டில் எங்கள் எண்கள் பொய்த்துவிடும். ஆய்வாளர் அனுப்பும் படங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: சுண்ணாம்புச் சாந்தின் மேல் பூசிய சிமெண்ட், அடைபட்ட கூரைத் தூம்பு, வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்ட வெளிமண். கல்குளம் பக்கத்து வெட்டுக்கல் வீடுகளில் இவற்றையெல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் படங்கள் புதியவை அல்ல. இரண்டு பருவமழையும் நனைக்கும் சுவரைச் சிமெண்டால் மூடினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். எங்களுடன் வேலை செய்த மூத்த கொத்தனார், "மக்கா, வெள்ளம் எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டுச் சுவருல கைய வையி" என்பார்; வெள்ளம் என்று அவர் சொல்வது தண்ணீரை.

குளிர்நாட்டில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உட்புறம் பலகை பதித்ததும் செங்கல்லுக்கு அறையின் சூடு கிடைக்காமல் அது முன்னைவிடக் குளிர்கிறது. சமையலறையிலும் குளியலறையிலும் எழும் நீராவி பலகைக்குப் பின்னே புகுந்தால் அந்தக் குளிர்ந்த முகத்தில் நீராகப் படிகிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் மர உத்திர முனைகள் கண்ணுக்குத் தெரியாமல் மக்குகின்றன. ஆகவே ஈரத்தை உறிஞ்சித் திரும்ப வெளியே விடும் மரநார்ப் பலகையையும் சுண்ணாம்புப் பூச்சையும், இடையில் வெற்றிடம் விடாமல், அளவான கனத்தில் பரிந்துரைக்கிறோம். கனம் கூடக்கூட நல்லது என்னும் விற்பனையாளர் பேச்சை நான் ஏற்பதில்லை.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து சென்று அங்கே செவிலியராக இருக்கும் ஒருவர், வீட்டை வாங்கிய கையோடு, வெளியிலுள்ள சூட்டை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் கருவியைப் பொருத்திவிட விரும்பினார். ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குச் செல்லும் நீர் 45 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அந்த வீட்டின் இழப்புக்கு அந்தச் சூடு போதாது. தூம்பைச் சீராக்குதல், சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு இடுதல், மண்ணைத் தாழ்த்துதல் ஆகியவற்றின் செலவை விலையில் குறைத்துக் கேட்கும்படியும், மேற்கூரைக்கு 27 சென்டிமீட்டர் கம்பளிப் படுகையை உடனே விரிக்கும்படியும், சுவர்ப் பலகையை ஒரு கோடை கழித்துப் பதிக்கும்படியும் எழுதினோம். "அதுவரைக்கும் குளிருல கெடக்கவா அண்ணா?" என்று தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. சுவர் உலர அங்குலத்திற்கு ஒரு மாதம் என்பது அங்குள்ளோர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 9 அங்குலத்திற்கு முக்கால் ஆண்டு ஆகிவிடும். பழைய எரிவாயுக் கொதிகலனை அந்த ஒரு குளிர்காலத்திற்கு வைத்துக்கொள்வதென்றும், கதவு சன்னல் இடுக்குகளை மட்டும் முதலில் அடைப்பதென்றும் முடிவாயிற்று. விலையில் அவர் கேட்டதில் பாதியை விற்பவர் குறைத்தார்.