முதுகெலும்பில் டி.பி. என்றால் ஆபரேஷன்தானா?

முதுகெலும்பில் டி.பி. என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்துவிட்டால் வீட்டில் இரண்டு கேள்விகள் கண்டிப்பாக எழும். டி.பி. நுரையீரலில்தானே வரும், முதுகில் எப்படி வந்தது? அப்புறம், ஆபரேஷன் பண்ணணுமா? பிசியோதெரபிஸ்ட்டாக இருப்பதால் இந்த இரண்டாவது கேள்வியைப் பயத்தோடு கேட்கிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் சென்னையில், சேத்துப்பட்டில் நடந்தது. இது இங்கேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் சின்னதுதான். நுரையீரலிலோ வேறு எங்கோ இருக்கும் கிருமி ரத்தம் வழியாக எலும்புக்குப் போகிறது. பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு முதுகெலும்புகளின் முன்பகுதியில், நடுவே இருக்கும் டிஸ்க்கை ஒட்டிய இடத்தில் தங்குகிறது. மெதுவாக அரிக்கிறது. முன்பக்கம் கரைந்து பின்பக்கம் அப்படியே நிற்பதால் முதுகு முன்னோக்கி மடங்கிக் கூன் விழுகிறது. சீழோ எலும்புத் துண்டோ தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கும். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் இந்தக் கூனையும் கால் செயலிழப்பையும் சேர்த்து 1779இல் விவரித்தார், இன்றைக்கும் டாக்டர்கள் அவர் பெயரால்தான் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

மருந்து இல்லாத காலத்தில் இதற்கு இருந்த வைத்தியம் படுக்கைதான். சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுக்குள், மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில். காசநோய் மருந்துகள் வந்த பிறகும் எலும்பு டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது: செத்த எலும்பும் சீழும் நிறைந்த இடத்துக்கு மாத்திரை போய்ச் சேருமா? ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1956இல் வேறு வழி காட்டினார்கள். முன்பக்கமாகத் திறந்து, கெட்டுப்போன எலும்பை முழுக்கச் சுரண்டி எடுத்து, அந்த இடைவெளியில் நோயாளியின் சொந்த எலும்பையே வைத்து இணைப்பது. அருமையான அறுவை சிகிச்சை, நல்ல பலனும் தந்தது. ஆனால் அதற்கு நெஞ்சைத் திறக்கத் தெரிந்த கைகள் வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், ரத்தம் வேண்டும். நோய் அதிகமாக இருந்த ஊர்களில் இவை எதுவுமே போதுமான அளவு இல்லை.

அப்போது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் செய்த காரியம் எலும்பு மருத்துவத்தில் அபூர்வமானது. ஆளாளுக்கு ஒரு கருத்து என்று விடாமல், பல நாடுகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொரியாவின் மசான் நகரில் ஒரு பிரிவினரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்தார்கள், இன்னொரு பிரிவினரை மருந்து கொடுத்து நடமாடவிட்டார்கள். புசானில் பாதிப் பேருக்கு உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு, மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. 1973இல் முடிவுகள் வெளிவந்தன: படுக்கையாலும் பயனில்லை, மாவுக்கட்டாலும் பயனில்லை. குணப்படுத்தியது மருந்துதான். இத்தனை காலம் இத்தனை பேர், அதிலும் குழந்தைகள், கட்டுக்குள் கிடந்தது எதற்கு என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

இதே காலத்தில் வாரணாசியில் எலும்பு மருத்துவர் டுலி தனியாக ஒரு பாதை வகுத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முதலில் மருந்து, அதற்குக் கட்டுப்படாதவர்களுக்கு மட்டும் கத்தி. 1975இல் வந்த அவருடைய கட்டுரை அதை 'நடுப்பாதை' என்றே சொன்னது.

சரி, சென்னைக்கு வருவோம். 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் ஏற்கனவே ஒரு பெரிய விஷயத்தை நிரூபித்திருந்தது. நுரையீரல் காசநோய்க்கு சானடோரியம் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இல் காட்டியது இவர்கள்தான். அந்த மையம் (இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) முதுகெலும்பு டி.பி. நோயாளிகளை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஹாங்காங் முறை அறுவை சிகிச்சையோடு 6 மாதம் மருந்து. இரண்டாவது பிரிவுக்கு அறுவை இல்லாமல் 6 மாதம் மருந்து. மூன்றாவதற்கு அறுவை இல்லாமல் 9 மாதம். மூன்று பிரிவுக்கும் ஒரே மருந்துகள்தான், தினமும் ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிட்டும். அதுவரை 18 மாதம் மருந்து என்பதுதான் வழக்கமாக இருந்தது.

பிறகு பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வேலை, கல்யாணம், வீடு மாற்றம் என்று சிதறிப்போகிற மனிதர்களைத் தேடிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய உழைப்பு! 1999இல் வந்த பத்தாண்டு அறிக்கையில் 235 பேரின் நிலை இருக்கிறது. நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 90 சதவீதம், 6 மாத மருந்துப் பிரிவில் 94, 9 மாதப் பிரிவில் 99. அதாவது கத்தியே படாதவர்கள் கத்தி பட்டவர்களுக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

ஆனால் அந்த அறிக்கை ஒரு விதிவிலக்கையும் நேர்மையாகச் சொன்னது. 15 வயதுக்குக் கீழே இருந்து, ஆரம்பத்திலேயே கூன் 30 டிகிரியைத் தாண்டியிருந்த குழந்தைகளுக்கு மருந்து மட்டும் போதவில்லை. நோய் ஆறியது, கூன் கூடிக்கொண்டே போனது.

ஏன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவர் ராஜசேகரன், இன்று கோவை கங்கா மருத்துவமனையில் இருக்கும் முதுகெலும்பு அறுவை நிபுணர். முதலில் 1987இல் அவரும் எலும்பு மருத்துவர் டி. கே. சண்முகசுந்தரமும் ஒரு எளிய கணக்கைத் தந்தார்கள். பாதித்த ஒவ்வொரு எலும்பும் எத்தனை பங்கு கரைந்திருக்கிறது என்று ஆரம்ப எக்ஸ்ரேயில் பார்த்துக் கூட்ட வேண்டும். அதை 30.5ஆல் பெருக்கி 5.5ஐச் சேர்த்தால், மருந்து முடிந்து எல்லாம் ஆறிய பிறகு கூன் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று தெரியும். மொத்தம் ஒன்றரை எலும்பு கரைந்திருந்தால் சுமார் 51 டிகிரி. பேப்பரும் பென்சிலும் போதும், தாலுகா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டே போட்டுப் பார்க்கலாம். எனக்கு இந்த ஆய்வின் மேல் இருக்கும் மரியாதைக்கு இதுதான் முதல் காரணம்.

அப்புறம் 61 குழந்தைகளை 15 வருடம் வரை கவனித்து 2001இல் ராஜசேகரன் எழுதிய கட்டுரை. மருந்து முடிந்த பிறகு எல்லாக் குழந்தைகளின் முதுகும் ஒரே மாதிரி போகவில்லை. 44 சதவீதம் பேருக்கு வளர வளரக் கூன் தானாகவே குறைந்தது. 39 சதவீதம் பேருக்கு வளர்ச்சி நிற்கும் வரை கூடிக்கொண்டே போனது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. கூடப்போவது யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்களைக் குறித்தார்: பின்பக்கச் சிறு மூட்டுகள் விலகி நிற்பது, நோயுற்ற எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவது, எலும்பு பக்கவாட்டில் நகர்ந்திருப்பது, மேலே உள்ள நல்ல எலும்பு முன்னால் கவிழத் தொடங்குவது. இவற்றில் இரண்டுக்கு மேல் இருந்தால், குழந்தை நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாலும் அறுவை சிகிச்சையை யோசிக்க வேண்டும். கூன் பெரிதாக முற்றிய பிறகு அதை நிமிர்த்துவது மிகக் கடினமான, தண்டுவடத்துக்கே ஆபத்தான வேலை. முற்றிய கூனால் பல வருடம் கழித்துக் கால் பலவீனமாவதும் உண்டு.

பெரியவர்களுக்குக் கத்தியே வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றால், முதுகெலும்பு நிலையில்லாமல் ஆடினால் அறுவை சிகிச்சை அவசியம், அதைத் தள்ளிப்போடுவது தவறு. மருந்துக் காலமும் அப்படித்தான். சென்னை ஆய்வில் 6 மாதம் போதுமானதாக இருந்தாலும், 2016இல் வந்த இந்திய வழிகாட்டுதல் எலும்பு டி.பி.க்கு 12 மாதம் என்கிறது, தேவைப்பட்டால் 18 வரை. எலும்புக்குள் கிருமி முழுக்கப் போய்விட்டதா என்று உறுதி செய்வது எளிதல்ல என்பதால் இந்த எச்சரிக்கை எனக்குச் சரியாகவே படுகிறது. வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் குழந்தைக்கு முதுகெலும்பு டி.பி. இருந்தால் இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சை தொடங்கும்போது பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள், மேலே சொன்ன கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. மருந்து முடிந்து "குணமாகிவிட்டது" என்று சொன்ன பிறகும், குழந்தை வளர்ந்து முடிக்கும் வரை முதுகெலும்பு டாக்டரிடம் தவறாமல் காட்டி, அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களை அந்த முதல் எக்ஸ்ரேயோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.