அந்த ஒற்றை டியூப்

போன மாதம் என் தங்கை மகள் கோவில்பட்டியிலிருந்து வந்து நாலு நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இரவு தூங்கப் போகும் முன் கண்ணாடி முன்னால் நின்று, பையிலிருந்து ஒரு சின்ன டியூப்பை எடுத்தாள். விரல் நுனியில் துளி தொட்டு, நெற்றியில் ஒவ்வொரு பருவாகத் தேடித் தேடி வைத்தாள். வாங்கிப் பார்த்தேன். கிளிண்டாமைசின் ஜெல், 1 சதவீதம். பருவுக்குப் பூசும் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவை அடக்கும் மருந்து.

"யாரு எழுதிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல பெரியம்மா. எங்க கிளாஸ்ல ஒருத்தி போடுறா, அவளுக்கு நல்லா கேட்டுச்சு. மெடிக்கல்ல பேரச் சொன்னேன், தந்துட்டாங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே மருந்தை, அதே மாதிரி கண்ணாடி முன்னால் நின்று, அதே மாதிரி புள்ளி வைத்துத்தான் நான் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவள் வயதில் இருப்பவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், யாருக்காவது பயன்படும்.

2007. பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல் வாசம். கன்னத்திலும் தாடையிலும் பரு. மேலே முளைத்து இரண்டு நாளில் உதிர்ந்துவிடும் பரு இல்லை. உள்ளுக்குள்ளேயே பழுத்து, தலையணையில் கன்னம் பட்டாலே வலிக்கும். போன இடத்தில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நம் நிறத்துத் தோலில் பருவை விட அந்தக் கறைதான் அதிக நாள் அழ வைக்கும். வகுப்பு குரூப் போட்டோவில் நான் மட்டும் பக்கவாட்டில் திரும்பி நிற்பேன்.

அம்மா உடம்புச் சூடு என்றாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஊறவைத்த வெந்தயம், ஊருக்குப் போனால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்திருப்பாள். அம்மா செய்ததெல்லாம் அன்பில் செய்தது, அதில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் "முகத்தை நல்லா கழுவும்மா" என்று சொல்லிச் சொல்லி, நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தேன். பரு அழுக்கால் வருவதில்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

அறைத்தோழி ஒருத்தி தன் டியூப்பைக் கொடுத்தாள். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் புதிதாக வந்த பருக்கள் சிறியதாக இருந்தன. ஒன்றரை மாதத்தில் தாடை ஏறக்குறைய சுத்தம். சித்தி மகள் கல்யாணத்துக்குப் பவுடர்கூடப் போடாமல் போனேன். சரி, குணமாகிவிட்டது என்று நிறுத்தினேன். அடுத்த மாதமே திரும்பி வந்தது. மறுபடி ஒரு டியூப். மறுபடி நிறுத்தல். இப்படியே போனது. முனையில் இருந்த மருந்துக்கடை அண்ணாச்சிக்கு நான் வாய் திறக்கவே வேண்டாம், பார்த்ததும் எடுத்து வைத்துவிடுவார்.

இரண்டாவது வருடம் அந்த ஜெல் எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டு வேளை போட்டதை மூன்று வேளை ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. அண்ணாச்சியிடம் சொன்னதற்கு, "அப்போ இதப் போட்டுப் பாருங்க" என்று எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் ஜெல் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது என்பது பின்னால்தான் தெரிந்தது.

2009-ல், கடைசி ஆண்டு முடிகிற சமயம், அப்பா ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். நடுத்தர வயதுப் பெண்மணி. முகத்தை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு என்னென்ன போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். "அதோட கூட வேற என்ன போட்ட?" என்று கேட்டார். "வேற ஒண்ணும் இல்ல டாக்டர்." பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே கூட்டம் காத்திருக்க, ஒரு வெள்ளைத் தாளில் மயிர்க்கால் படம் போட்டு எனக்கு விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பருவில் நாலு வேலை சேர்ந்து நடக்கிறது. எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரக்கிறது. மயிர்க்காலின் வாய், உதிர்ந்த தோல் செல்களால் அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட இடத்தில், நம் எல்லார் தோலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்க, சிவந்து வீங்கிப் பழுக்கிறது. நான் போட்டுக் கொண்டிருந்த ஆன்டிபயாடிக் ஜெல் மூன்றாவது வேலையை அடக்கும், நாலாவதைக் கொஞ்சம் தணிக்கும். முதல் இரண்டை அது தொடுவதே இல்லை. மயிர்க்கால் அடைத்துக்கொண்டேதான் இருக்கும். நான் நிறுத்திய ஒவ்வொரு முறையும் பரு திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. கிளிண்டாமைசின் அந்த பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் பட்டறையில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டுக்கு அந்த ஒட்டும் இடம் கொஞ்சம் மாறியிருக்கும். மருந்து அதில் ஒட்டாது. மாதக்கணக்கில் அந்த ஒரே மருந்தைப் போட்டால் மற்றவை செத்து, மாறியவை மட்டும் இடம் பிடித்துப் பெருகும். எரித்ரோமைசினும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் போய் ஒட்டுகிறது. அதனால் ஒன்றுக்கு அசையாதது பெரும்பாலும் மற்றதற்கும் அசையாது. அண்ணாச்சி மாற்றிக் கொடுத்தது வேறு சாவி. ஆனால் பூட்டு அதே பூட்டு. இப்படி எதிர்ப்பு வளர்ந்த பரு பாக்டீரியாவைப் பற்றி 1979-லேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து என் கன்னத்தில் அதுவேதான் நடந்திருக்கிறது.

அதுவும் பரு பாக்டீரியாவோடு நிற்பதில்லை. முகத்தில் தினமும் ஆன்டிபயாடிக் பூசும்போது தோலிலும் மூக்கிலும் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களும் அதற்குப் பழகுகின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் அதில் ஒன்று. புண்ணையும் கட்டியையும் சீழ் பிடிக்க வைப்பது அதுதான். நாளைக்கு வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் புண் சீழ் பிடித்தால் அதே கிளிண்டாமைசின் தேவைப்படலாம். "உன் முகம் உன் முகம் மட்டும் இல்லம்மா" என்றார் டாக்டர். 19 வயதில் என் முகத்தைத் தவிர வேறு எதையும் நினைக்காத எனக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது.

அப்புறம் சீட்டு எழுதினார். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், அதோடு கிளிண்டாமைசின். இரவில் அடாப்பலீன் 0.1 சதவீதம். எனக்கு ஆச்சரியம். கேட்காத மருந்தையே மறுபடி எழுதுகிறாரே?

"தனியாத்தான் போடக் கூடாது" என்றார். பென்சாயில் பெராக்சைடு ஆன்டிபயாடிக் இல்லை. தோலில் ஆக்சிஜனை வெளிவிட்டு, ஆக்சிஜன் பிடிக்காத அந்த பாக்டீரியாவைக் கொல்கிறது. அதை எதிர்த்துப் பிழைக்கும் வழி இதுவரை அந்தப் பாக்டீரியாவுக்குக் கிடைக்கவில்லை. கிளிண்டாமைசினுக்குத் தப்பியவையும் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டும் ஜோடி. அடாப்பலீன், அடைப்பே உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. ஆன்டிபயாடிக் மூன்று மாதம்வரை. அதன் பிறகு நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் தொடர வேண்டும்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டார். அடாப்பலீன் வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து, குழந்தைக்குத் தயாராகும்போது நிறுத்திவிட வேண்டும் என்றார். சில வருடம் கழித்து அந்தச் சொல்லை ஞாபகம் வைத்து நிறுத்தினேன்.

முதல் மாதம் சுலபமாக இல்லை. அடாப்பலீனைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவச் சொன்னார். நான் பழைய பழக்கத்தில் பருவின் மேல் மட்டும் திட்டாக வைத்தேன். அந்த இடமெல்லாம் செதில் செதிலாக உரிந்தது. வாயோரம் வெடித்து, ரசம் சாதம் சாப்பிட்டால் எரிந்தது. மூன்றாவது வாரம் பரு முன்பைவிட அதிகமானது போலத் தெரிந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போடலாம் என்று இருந்தபோது அப்பா டாக்டருக்குப் போன் போட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு, முதலில் மாய்ச்சரைசர், அதன் மேல் மருந்து, பகலில் சன்ஸ்கிரீன் என்று மாற்றிச் சொன்னார். புள்ளி வைக்கக் கூடாது என்பதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. இன்று தெரியும் பரு சில வாரம் முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கிவிட்டது. பரு தெரிகிற இடத்தில் மட்டும் பூசினால், அடுத்து வரப்போவது பக்கத்தில் நிம்மதியாக வளரும். எட்டு வாரமாவது பொறுக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

பென்சாயில் பெராக்சைடு போடுபவர்களுக்கு வீட்டு விஷயம் ஒன்று. அது துணியை வெளுக்கும். அம்மா எனக்காக வாங்கிய மாம்பழ நிறத் துண்டில் முதல் வாரமே வெள்ளைத் திட்டு. தலையணை உறை, சுடிதார்க் கழுத்து எல்லாம் போயிற்று. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வைத்துக்கொள்ளுங்கள். சதவீதம் கூடினால் பலன் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். 2.5-க்கும் 10-க்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, எரிச்சலில்தான் வித்தியாசம்.

ஏழாவது வாரத்தில் ஒரு காலை, முகம் கழுவும்போது கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மூன்றாம் மாத முடிவில் கிளிண்டாமைசினை நிறுத்தினோம். இந்த முறை பரு திரும்பவில்லை. கறை மறைய இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

எனக்கு டியூப் கொடுத்த அந்த அறைத்தோழியை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. அவளுக்கும் ஜெல் கேட்காமல் போனபோது, யாரோ ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்த ஒரு களிம்பைச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. எங்களுக்கெல்லாம் பொறாமை. நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும். அதனால் நிறுத்த முடியாமல் போட்டாள். தோல் மெலிந்து கன்னத்தில் ரத்தக் குழாய்கள் தெரிந்தன. அதிலிருந்து மீள அவளுக்குப் பல மாதம் ஆனது. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது. எங்கள் காலத்துக்கு அது தாமதம். கிளிண்டாமைசினும் டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டிய மருந்துதான். ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளை பெயரைச் சொன்னதும் கைக்கு வந்துவிட்டதே.

அந்தப் பரு பாக்டீரியாவின் பெயர்கூட 2016-ல் மாறிவிட்டது. புரோபியோனிபாக்டீரியம் இப்போது கியூட்டிபாக்டீரியம். டாக்டர் அன்று சொன்னது மாறவில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பூசும் ஆன்டிபயாடிக்கைத் தனி மருந்தாகப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

தங்கை மகளை மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதே டாக்டர் இல்லை, அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இவர் இளையவர். நெற்றியைப் பார்த்ததும், "இதுக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாமே" என்றார். அவளுக்கு இருந்தது சிவந்த பரு இல்லை. கரும்புள்ளியும் தோல் நிறத்துச் சின்னப் பொடிப்பும். வெறும் அடைப்பு. பழுக்காத இடத்தில் அந்த ஜெல்லுக்குப் பெரிதாக வேலையில்லை. இரவில் அடாப்பலீன் மட்டும் எழுதினார். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வகுப்புத் தோழிக்கும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன், அவள் அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

இரண்டாவது வாரம் உரிந்தது. பயந்து போன் செய்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னேன், டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். நேற்று ஜன்னல் வெளிச்சத்தில் நின்று நெற்றியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே, "அஞ்சாவது வாரம் பெரியம்மா, கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குல்ல?"

பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே குறைந்திருந்தது. வலப்பக்கம் அப்படியேதான் இருந்தது. "இடது பக்கம் நல்லாவே குறைஞ்சிருக்கு, வலது பக்கத்துக்கு இன்னும் மூணு வாரம் கொடு" என்று பதில் போட்டேன்.